ஒரு 'மா', எத்தனை மொழிகள்?

சென்ற இதழில் ஓரெழுத்து ஒருமொழி பற்றி எழுதியிருந்தேன். நன்னூல் அப்படி 42 எழுத்துகளைக் கணக்குக் காட்டுகிறது, மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. அதில் 'மா' ஒன்றைப் பற்றியே இத்தனை கேள்விகள் வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். இந்த இதழ் முழுக்க 'மா'தான்.

கேள்வி: சீன மொழியில் 'மா' என்றால் குதிரை. நம் பழைய இலக்கியத்திலும் 'மா' என்றால் குதிரை. இரண்டு மொழிக்கும் பழைய தொடர்பு இருந்தது என்பதற்கு இது சான்று இல்லையா?

இல்லை. இதே கேள்வியை ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நம் பக்கம். தமிழில் மா என்பதற்கு அடிப்படைப் பொருள் குதிரை அல்ல, விலங்கு. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்று தொல்காப்பியம் சொல்வது பொதுவாக விலங்குகளைத்தான். சிங்கம் அரிமா, கை உள்ள விலங்கு என்பதால் யானை கைம்மா, ஓடும் குதிரை பரிமா. போர்க்களப் பாட்டில் வரும்போது விலங்கு என்ற பொதுப்பெயரே குதிரையைக் குறித்துவிடுகிறது, அவ்வளவுதான். நாம் 'வண்டி' என்று பொதுவாகச் சொன்னாலும் இடத்தைப் பார்த்து அது பைக்கா காரா என்று கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறதே, அது போல.

இனி சீனப் பக்கம். அங்கே 'மா' என்று ஒரு சொல் இல்லை, தொனிக்கு ஒன்றாகப் பல சொற்கள் இருக்கின்றன. குரலை உயரத்திலேயே சமமாக வைத்துச் சொன்னால் அம்மா, கீழிருந்து மேலே ஏற்றினால் சணல் வகைச் செடி, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. தொனியே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் லேசாக விட்டால் நம் 'வந்தாயா' என்பதில் உள்ள ஆகாரம் போலக் கேள்வியாகிவிடும். இந்தத் தொனிகளை விட்டுவிட்டு வெறும் 'மா' என்று தமிழில் எழுதிக்கொண்டு ஒப்பிடுவதே முதல் தவறு. அப்புறம், குதிரைக்கான சீனச் சொல் எப்போதும் 'மா' என்று ஒலித்ததும் இல்லை. பழஞ்சீனத்தில் அதில் ஒரு ரகரம் இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள், 'ம்ர' என்று தொடங்கும் ஒலி. சீனத்துக்கு உறவான பர்மிய மொழியின் எழுத்துவழக்கில் குதிரை 'ம்ரங்', அந்த ரகரம் அங்கே எழுத்தில் இன்றும் நிற்கிறது. பக்கத்து மங்கோலியத்தில் 'மோரி'. அதனால் குதிரையோடு சேர்ந்து அதன் பெயரும் மத்திய ஆசியப் புல்வெளிகளில் மொழிவிட்டு மொழி போயிருக்குமோ என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்த விவாதத்தில் தமிழ் மாவுக்கு வேலையே இல்லை. நம் சொல்லில் ரகரமும் கிடையாது, அது குதிரையின் தனிப்பெயரும் கிடையாது.

தாய்லாந்து மொழியைப் பாருங்கள். அங்கே ஒரு தொனியில் 'மா' என்றால் வா, இன்னொன்றில் குதிரை, மூன்றாவதில் நாய். குதிரையை மட்டும் பொறுக்கி எடுத்து நம்மோடு சேர்த்துவிட்டு நாயையும் வாவையும் விட்டுவிட்டால் அது ஆராய்ச்சி ஆகாது. ஓர் ஒலி ஒத்துப்போகும் இடத்தை மட்டும் எண்ணி, ஒத்துப்போகாத நூறு இடத்தை எண்ணாமல் விடுவதுதான் இந்த வகைப் பட்டியல்களில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை. தமிழின் பழமைக்கு உறுதியான சான்றுகள் நிறைய இருக்கும்போது இப்படி ஒடிந்த குச்சியை ஊன்றி நிற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

கேள்வி: தமிழிலேயே 'மா'வுக்கு மாமரம், மாவு, விலங்கு, பெரிய, நில அளவு என்று இத்தனை பொருள். எல்லாம் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை நம் நாக்கிலேயே இருக்கிறது.

மா என்பதோடு காய் சேர்த்தால் மாங்காய். அதே மா என்பதோடு கோலம் சேர்த்தால் மாக்கோலம். கவி சேர்த்தால் மாகவி. மூன்றிலும் மாவுக்குப் பின்னால் ககரம்தான் வருகிறது, ஆனால் ஒன்றில் மெல்லெழுத்து தோன்றுகிறது, ஒன்றில் வல்லெழுத்து மிகுகிறது, ஒன்றில் எதுவுமே நடக்கவில்லை. மரம் என்றால் மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு, மாந்தளிர். மாவு என்றால் மாக்கோலம். பெருமை என்றால் மாகவி, மாபாவி, மாபெரும். யாரும் 'மாக்காய்' என்றோ 'மாங்கோலம்' என்றோ தவறிக்கூடச் சொல்வதில்லை, இலக்கணம் படிக்காத குழந்தையும் சொல்வதில்லை. எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் இவை வேறு வேறு சொற்கள் என்பதை நம் பேச்சு இத்தனை நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. (மாகவி, மாபாவி போன்றவற்றில் உள்ளது வடமொழி 'மஹா'வின் சுருக்கம், அது வந்த வழியே வேறு.) மாவு என்று நாம் வகரம் சேர்த்துச் சொல்வதை இலங்கைத் தமிழர்கள் இன்றும் அரிசி மா, கோதுமை மா என்று ஓரெழுத்தாகவே சொல்கிறார்கள்.

நில அளவு மா தனிக்கதை. ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா, ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர். காவிரிப் பாசனப் பகுதிகளில் இன்றும் நிலத்தை மா கணக்கில் பேசுவார்கள். நிலத்துக்கு மட்டுமல்ல, பழைய கணக்கில் எதற்கும் 1/20 என்றால் மா. காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 4/80, அதோடு 1/80, ஆகமொத்தம் 5/80, அதாவது 1/16. அதனால்தான் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். மாகாணி என்ற பெயரைக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அந்தப் பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

இந்த அளவு மிகப் பழையது. புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறை சொல்கிறார். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலத்தின் விளைச்சலே யானைக்குப் பல நாளுக்கு வரும், யானை தானே வயலில் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம் என்கிறார். கைம்மா என்று பெயர் பெற்ற விலங்கைப் பற்றிய பாட்டில் மா நில அளவாக வருகிறது, இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: மாதம், மாத்திரை இரண்டிலும் மா இருக்கிறது. அளவு என்பதால்தானே?

ஆம், ஆனால் இது வடமொழியின் மா. அங்கே 'மா' என்ற வினையடிக்கு அளத்தல் என்று பொருள், மாத்திரை, பிரமாணம், நிர்மாணம் எல்லாம் அதன் வழி வந்தவை. காலத்தை அளப்பதால் நிலவும் மாதமும் 'மாஸ்' ஆயின. ஆங்கிலத்தில் நிலவுக்குச் சொல்லும் மூன், மாதத்துக்குச் சொல்லும் மந்த் ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். நம் சொல் திங்கள், அதுவும் நிலவு, மாதம் இரண்டையும் குறிக்கும்.

கேள்வி: உலகம் முழுக்க அம்மாவை ம சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். மாம், மாமா, மா, உம்மா. இது தமிழ் 'அம்மா'விலிருந்து பரவியது என்று ஒருவர் மேடையில் பேசினார். உண்மையா?

பரவவே தேவையில்லை, ஒவ்வொரு குழந்தையும் இதைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலிகள்தான் குழந்தைக்கு முதலில் கைகூடுகின்றன, அதிலும் பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருந்தாலும் மூக்கு வழியாக முனகல் வரும், வாயை எடுத்ததும் அதுவே 'ம்மா' ஆகிவிடும். பசிக்கும் குழந்தை அந்த ஒலியை எழுப்ப, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் 'என்னைத்தான் கூப்பிடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், பல மொழிகளிலிருந்து திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய் தந்தைச் சொற்களை வைத்துக்கொண்டு இதை விளக்கினார்.

இதற்கு நல்ல சோதனை, எந்தப் பெரியவர் அந்த ஒலியை எடுத்துக்கொள்கிறார் என்பதுதான். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு 'தேதா'. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான பிட்ஜன்ஜட்ஜராவிலும் மாமா என்றால் அப்பாதான். ஜப்பானியத்தில் அம்மாவுக்கு உரிய பழைய சொல் 'ஹஹ', ஆதியில் அது 'பப' என்றே ஒலித்தது. நம்மிடம் மாமா யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒலியை ஒரு மொழி தாய்க்கும் இன்னொன்று தந்தைக்கும் வேறொன்று தாயின் சகோதரனுக்கும் கொடுத்திருக்கிறது. ஒரு சொல் ஓரிடத்திலிருந்து பரவியிருந்தால் பொருளும் கூடவே போயிருக்க வேண்டும்.

மேடையில் பேசியவரின் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவை அழைக்க மற்றவர்கள் நம்மிடம் கடன் வாங்கினார்கள் என்பதைவிட, எல்லாக் குழந்தைகளும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்பது எனக்கு இன்னும் நெருக்கமான உண்மையாகத் தோன்றுகிறது.

கேள்வி: 'மா நிஷாத' என்பதில் உள்ள மாவுக்கு என்ன பொருள்?

'வேண்டாம்', 'கூடாது' என்று தடுப்பது. வேடனைப் பார்த்து வால்மீகி சொன்னதாக வரும் அந்த வரியில், நிஷாதனே, உனக்கு நிலைபேறு கிடைக்காமல் போகட்டும் என்ற சாபத்தின் மறுப்புச் சொல் அது. வடமொழியில் திருமகளுக்கும் மா என்று பெயர் உண்டு, மாதவன் என்பதை மாவின் கணவன் என்று விளக்குவது அதனால்தான். உரையாசிரியர்கள் சிலர் இரண்டு சொல்லையும் சேர்த்து 'மாநிஷாத' என்று ஒரே சொல்லாகப் படித்து, திருமகள் தங்கும் இடமானவனே என்று பொருள் கொண்டு, சாபத்தையே வாழ்த்தாக்கினார்கள். சொல்லை எங்கே பிரிக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

இந்த மறுப்பு மாவுக்குக் கிரேக்கத்தில் 'மே' என்று ஓர் உறவு உண்டு, அது நிரூபணமானது. ஆனால் அரபியிலும் 'மா' என்றால் இல்லை. துருக்கியத்தில் 'யப்' என்றால் செய், 'யப்மா' என்றால் செய்யாதே. இந்த இரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, தற்செயலாக ஒத்துப்போகின்றன. அரபியில் அதே மாவுக்கு 'எது' என்றும் பொருள்: மாஷா அல்லாஹ் என்பதன் தொடக்கத்தில் நிற்கும் மா அதுதான், இறைவன் எதை நாடினானோ அது என்று விரியும். தண்ணீருக்கும் அரபியில் ஏறக்குறைய மாதான், கடைசியில் தொண்டையில் ஒரு சிறு அடைப்பு வரும்.

கேள்வி: ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் உண்டா?

நிறைய. இத்தாலியனில் மா என்றால் 'ஆனால்', இலத்தீனில் 'அதிகம்' என்று பொருள்படும் மாகிஸ் தேய்ந்து அப்படி ஆனது. பிரெஞ்சில் பெண்பால் பெயருக்கு முன் 'என்னுடைய'. போலிஷில் 'அவரிடம் இருக்கிறது'. ஹங்கேரியனில் 'இன்று'. எஸ்தோனியனில் 'நான்'. ஐரோப்பாவுக்கு வெளியே பாரசீகத்தில் 'நாங்கள்'. நான், என், நாங்கள் ஆகியவை மகரத்தில் வருவதைப் பார்த்து அந்தக் குடும்பங்கள் ஆதியில் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு, அது இன்னும் தீராத வழக்கு.

கேள்வி: தெலுங்கில் 'மா இல்லு' என்றால் எங்கள் வீடு. இந்த மாவுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு! இத்தனை கேள்விகளில் இதற்குத்தான் மனநிறைவோடு ஆம் என்று சொல்ல முடிகிறது, ஆனால் உறவு நம் மாவோடு அல்ல, 'எம்' என்பதோடு.

தெலுங்கில் ஒரு பழக்கம், சொல்லின் தொடக்கத்தில் உள்ள உயிர் அடுத்த மெய்யைத் தாண்டிப் பின்னால் போய்விடும். நம் அவன் அங்கே வாடு, இவன் வீடு, உரல் ரோலு, இரண்டு ரெண்டு. (இரண்டை நாமும் பேச்சில் ரெண்டு என்றுதான் சொல்கிறோம்.) அதே வழியில் எம் என்ற அடியும் திரும்பி, ஓர் அகரத்தோடு சேர்ந்து 'மா' ஆயிற்று. எம் இல் என்பதுதான் மா இல்லு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு நம் வீடு என்றால் தெலுங்கில் மா வராது, 'மன' வரும். நாம் எங்கள், நம் என்று பிரிப்பது போலவே அவர்களும் பிரிக்கிறார்கள், இலக்கணமும் சாட்சி சொல்கிறது.

சீன மாவும் தமிழ் மாவும் அச்சு அசலாக ஒலிக்கின்றன, உறவு இல்லை. எம் என்பதும் மா என்பதும் கேட்பதற்குச் சம்பந்தமே இல்லாதவை, உடன்பிறந்தவை. எனக்கு மொழியியலில் பிடிப்பு வந்ததே இந்த இடத்தில்தான்: ஒற்றுமையைவிட, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் வேற்றுமைதான் உறவைக் காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: அப்படியானால் எட்டு என்பதும் ஆங்கில எய்ட் என்பதும்? எண்ணே ஒத்துப்போகிறதே!

மாவை விட்டு விலகினாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். எட்டின் அடி 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை என்பவற்றில் அது தெரிகிறது, தெலுங்கில் எனிமிதி என்பதிலும் மூக்கொலி இருக்கிறது. எய்ட் என்பதைப் பின்னால் கொண்டுபோனால் ஜெர்மனில் ஆஹ்ட், இலத்தீனில் ஒக்தோ. அங்கே மூக்கொலி இல்லை, ககரம் போன்ற கடின ஒலி இருக்கிறது. இரண்டு சொற்களும் பின்னோக்கிப் போகப் போக விலகிக்கொண்டே போகின்றன. உறவு இருந்தால் நெருங்கி வரும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்கிறீர்கள். நிஜமாகவே மொழி தாண்டிப் போன மா எதுவும் இல்லையா?

இரண்டு சொல்கிறேன். ஒன்று நம் மாங்காய். மலையாளத்தில் மாங்ஙா ஆகி, 1498-க்குப் பின் வந்த போர்த்துகீசியர் வாயில் மாங்கா ஆகி, ஆங்கிலத்துக்கு மேங்கோ என்று போனது. மலாய் மொழியிலும் மங்கா. கவனியுங்கள், மா மட்டும் போகவில்லை, சந்தியில் தோன்றிய அந்த மெல்லெழுத்தும் சேர்ந்தே போயிருக்கிறது, ஊர் பேர் எழுதிய சீட்டு மாதிரி. போர்த்துகீசியத்தில் மாங்கா என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, சட்டைக் கை என்று பொருள். அது இலத்தீனின் 'கை'யிலிருந்து வந்தது. ஜப்பானியப் படக்கதைக்கு வழங்கும் மங்கா வேறு வழியில் வந்த மூன்றாவது சொல்.

இரண்டாவது நம்மிடமிருந்து அல்ல, வடமொழியிலிருந்து கிளம்பியது. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவன் மாரன். சாகச் செய்பவன் என்று பொருள், மரணம் என்பதும் அதே அடி. புத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது இந்தப் பெயரை எழுத அங்கே எழுத்து இல்லை. அதனால் ஒலிக்கு 'மா' என்ற சணல் எழுத்தை மேலே வைத்து, பொருளுக்குப் பேய் என்ற எழுத்தைக் கீழே வைத்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். இன்றைய சீனத்தில் அதை மோ என்று வாசிக்கிறார்கள். ஜப்பானுக்குப் போனபோது மா என்றே நின்றது, அங்கே சாத்தானுக்கு 'அகுமா', மந்திர வித்தைக்கு 'மாஹோ'. வியட்நாமிலும் மா, பொருள் பேய். அதே வியட்நாமியத்தில் தொனியை மாற்றினால் கல்லறை, நாற்று, 'ஆனால்' என்று வேறு வேறு சொற்கள் வரும், குரலை உயர்த்தினால் அம்மா. அவற்றில் பேய் மட்டும்தான் நம் மாரனுக்குச் சொந்தம்.